ஒன்பது நாள் சுற்று: அஞ்சல்வழி டிவிடி வாடகையில் ஒரு குடும்பத்தின் அனுபவம் – நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2006 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஓர் அடுக்ககத்தில் குடியிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, டிவிடிகளை அஞ்சலில் அனுப்பும் வாடகைச் சேவை ஒன்றில் சந்தா சேர்ந்தது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். மகள் நடுநிலைப் பள்ளி மாணவி. அக்டோபர் இறுதியில் கணவரின் தந்தை ஆறு மாதம் தங்கிச் செல்ல வந்து சேர்ந்தார். அவர் தமிழ்நாட்டில் ஆர்.எம்.எஸ். என்று நாம் சொல்லும் ரயில்வே அஞ்சல் பிரிவில், ஓடும் ரயிலின் பெட்டிக்குள் இரவெல்லாம் நின்று கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விவரத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அவர் வந்திராவிட்டால் இந்த ஆய்வுக்கு ஆதாரமான குறிப்பேடே இருந்திருக்காது. அக்குடும்பத்தின் நண்பன் என்ற முறையில் அந்தக் குறிப்பேட்டைப் படித்து, அவர்கள் சம்மதத்துடன் இதைத் தொகுத்திருக்கிறேன். பெயர்களையும் சேவை நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

இந்த வகை வாடகை அப்போது அமெரிக்காவில் புதிதல்ல. 1998இல் நெட்ஃபிளிக்ஸ் அஞ்சல்வழி வாடகையைத் தொடங்கி, மறு ஆண்டே மாதச் சந்தா முறைக்கு மாறியது. படங்களை வாடகைக்கு விடும் கடைகளை நடத்திவந்த பிளாக்பஸ்டரும் 2004இல் இதே வழிக்கு வந்தது. முறை எளிதாக இருந்தது. பார்க்க விரும்பும் படங்களைச் சந்தாதாரர் இணையதளத்தில் வரிசையாக எழுதி வைப்பார். அந்த வரிசையின் மேலிருந்து, சந்தாவுக்கு ஏற்ப ஒரே நேரத்தில் ஒன்றோ இரண்டோ மூன்றோ டிவிடிகள் மெல்லிய காகித உறையில் வீட்டுக்கு வரும். பார்த்து முடித்ததும் அதே உறையைத் திருப்பி ஒட்டி அஞ்சலில் போட வேண்டும். அஞ்சல் தலை ஒட்ட வேண்டியதில்லை. அது கிடங்கில் சேர்ந்ததும் அடுத்த படம் கிளம்பும். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தாமதக் கட்டணம் கிடையாது என்பதே விளம்பரத்தின் முதல் வரி.

இக்குடும்பம் எடுத்தது மூன்று வட்டுகளுக்கான சந்தா. மாதம் ஏறக்குறைய 18 டாலர். கடையில் ஒரு படத்தை இரண்டு இரவுக்கு எடுத்து, மூன்றாம் நாள் மறந்து, அபராதம் கட்டி அலுத்துப்போயிருந்த அவர்களுக்கு இது நல்ல ஏற்பாடாகவே தோன்றியது.

## முதல் மூன்று மாதங்களில் எழுந்த குறைகள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறிப்பு எதுவும் எழுதப்படவில்லை. அதனால் இந்தப் பகுதி அவர்கள் நினைவில் இருந்து சொன்னவற்றையும், சேமித்து வைத்திருந்த மின்னஞ்சல்களையும் கொண்டு எழுதப்பட்டது.

முதல் மனவருத்தம் ஒரு தொலைக்காட்சித் தொடரால் வந்தது. ஒரு பருவத்தின் அத்தியாயங்கள் ஆறு வட்டுகளில் இருந்தன. வரிசைப் பட்டியலில் ஒவ்வொரு வட்டும் தனித் தனிப் பொருள். இரண்டாம் வட்டு கிடங்கில் கையிருப்பு இல்லை என்றால் கணினி அதைத் தாண்டி மூன்றாம் வட்டை அனுப்பிவிடும். அப்படியே நடந்தது. மூன்றாம் வட்டு எட்டு நாள் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் படுத்திருந்தது; இரண்டாம் வட்டு வரும்வரை யாரும் அதைத் தொடவில்லை. மூன்றில் ஓர் இடம் அந்த எட்டு நாளும் அடைபட்டுக் கிடந்தது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்தது புதுப் படங்கள். பட்டியலின் உச்சியில் இருந்த இரண்டு படங்களுக்கு எதிரே 'நீண்ட காத்திருப்பு' என்ற குறிப்பு வாரக்கணக்கில் மாறாமல் நின்றது. கீழே பதினோராவது இடத்தில், யாரோ ஒருநாள் பொழுதுபோகாமல் சேர்த்து வைத்த படங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. பட்டியல் குட்டையாக இருந்ததும், இருந்ததில் பாதி எல்லோரும் கேட்கும் படங்களாக இருந்ததும் இதற்குக் காரணம்.

நவம்பரில் ஓர் உறைக்குள் வேறு படத்தின் வட்டு இருந்தது. உள் உறையில் அச்சிட்டிருந்த பெயர் ஒன்று, வட்டின் மேல் இருந்த பெயர் வேறொன்று. முன்பு வாடகைக்கு எடுத்த யாரோ இரண்டு வட்டுகளை உறை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். அதைக் குறைசொல்லிக்கொண்டிருந்த அதே குடும்பம், டிசம்பரில், வட்டைப் பிளேயருக்குள்ளேயே விட்டுவிட்டு வெற்று உறையை ஒட்டி அனுப்பியது. உறை காலியாக வந்து சேர்ந்தது என்று நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் பிளேயரைத் திறந்து பார்த்தார்கள்.

டிசம்பர் முடியும்போது வீட்டில் இரண்டு கருத்துகள் நிலவின. கணவர், நிறுவனம் வேண்டுமென்றே தாமதிக்கிறது என்றார். மனைவி, அஞ்சல் துறையின் கோளாறு என்றார். இருவருமே தங்கள் சொல்லுக்கு ஆதாரமாக ஒரு தேதியைக்கூடக் காட்ட முடியவில்லை. "போட்ட தேதி தெரியாமல் தபாலைக் குறை சொல்லக் கூடாதப்பா" என்று பெரியவர் மகனிடம் சொன்னதாக மருமகள் நினைவுகூர்ந்தார். இருபது, முப்பது ஆண்டு அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டுப் பழகிய ஒருவரின் பதில் அது.

## குறிப்பேடு

பெரியவர் தம் பேத்தியின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு வட்டுக்கு ஒரு வரி என்று கோடு போட்டார். ஒவ்வொரு வரியிலும் ஐந்து தேதிகள்: நிறுவனம் அனுப்பியதாகச் சொன்ன நாள், வீட்டுப் பெட்டியில் வந்து விழுந்த நாள், பார்த்து முடித்த நாள், திருப்பி அஞ்சலில் போட்ட நாள், வந்து சேர்ந்தது என்று நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பிய நாள். அந்த வட்டுக்குப் பதிலாக அடுத்த வட்டு கிளம்பிய நாள் அடுத்த வரியின் முதல் தேதி. வட்டின் நிலை குறித்துக் கடைசியில் ஒரு சொல்.

ஐந்து தேதிகள் வேண்டியதற்கு ஒரு தொழில்முறைக் காரணம் இருந்தது. சாதாரணக் கடிதத்தில் அஞ்சல் முத்திரையைப் பார்த்தே எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது என்று சொல்லிவிடலாம். கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட்ட இந்த வாடகை உறைகளில், வரும்போதும் முத்திரை இல்லை, போகும்போதும் இல்லை. வழியில் எங்கே நின்றது என்பதற்கு உறையே சாட்சி சொல்லாது. ஆகவே இரு முனைகளிலும் நாமே தேதி குறித்தால்தான் நடுவில் கழிந்த நாளைக் கணக்கிட முடியும் என்று அவர் முடிவு செய்தார்.

குறிப்பு 2007 ஜனவரி 2 அன்று தொடங்கியது. தொடங்கிய வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. டிசம்பர் 31 ஞாயிறு. ஜனவரி 1 புத்தாண்டு விடுமுறை. ஜனவரி 2, மறைந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டுக்கான தேசியத் துக்க நாள். அன்றும் வழக்கமான அஞ்சல் விநியோகம் இல்லை. தொடர்ந்து மூன்று நாள் அஞ்சலே இல்லாத அந்த வாரத்தில், சனிக்கிழமை மாலை போட்ட வட்டைக் குறித்து 'ஐந்து நாளாகியும் சேரவில்லை' என்று கணவர் நிறுவனத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். பெரியவர் நாட்காட்டியைக் காட்டிய பிறகு அந்தப் புகார் அனுப்பப்படவில்லை.

## எட்டு வாரங்களில் காணப்பட்டது

பிப்ரவரி 26 வரையிலான எட்டு வாரங்களில் 19 வட்டுகள் வந்தன. மூன்று வட்டுச் சந்தாவில் இது, ஒரு வட்டுக்கு ஏறக்குறைய ஒன்பது நாள் சுற்று என்று ஆகிறது. அந்த ஒன்பது நாள் எங்கே கழிந்தது என்பதுதான் கேள்வி. கிடங்கிலிருந்து வீட்டுக்கு வர ஒன்றரை நாளுக்குச் சற்று மேல். வீட்டிலிருந்து கிடங்குக்குத் திரும்ப இரண்டு நாள். கிடங்கில் சேர்ந்தபின் அடுத்தது கிளம்ப ஒரு நாளுக்குச் சற்று மேல். மீதி நான்கு நாளுக்கும் சற்று அதிகமான நேரம் வட்டு வீட்டில் சும்மா இருந்தது.

இது யாரும் எதிர்பார்க்காத விடை. கேட்டிருந்தால், வீட்டில் ஓரிரு நாள்தான் இருக்கும் என்றே இருவரும் சொல்லியிருப்பார்கள். கடை வாடகையில் மூன்றாம் நாள் அபராதம் வந்து விழும். அது நம் சோம்பலுக்கு விலை என்று உடனே புரியும். இங்கே அபராதம் இல்லை என்பதால் சோம்பல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மாதச் சந்தா ஓடிக்கொண்டே இருந்தது. தாமதக் கட்டணம் ஒழிந்துவிட்டது என்று விளம்பரம் சொன்னது முழு உண்மையன்று. அது சந்தாவுக்குள் கரைந்து போயிருந்தது என்பதே என் கருத்து.

திரும்பும் வழியில் கழிந்த இரண்டு நாளிலும் ஒரு பகுதி வீட்டாருடையதே. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் வெளிச்செல்லும் கடிதங்களுக்கு ஒரு பெட்டி இருந்தது. மாலை வேலை முடிந்து வரும்போது அதில் உறையைப் போடுவார்கள். தபால்காரர் நண்பகலுக்குச் சற்று முன்னால்தான் வருவார் என்பதைப் பெரியவர் ஒருநாள் அங்கே நின்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அதாவது மாலை ஆறு மணிக்குப் போட்ட உறை மறுநாள் நண்பகல்வரை அந்தக் கட்டடத்தை விட்டே நகரவில்லை.

நிறுவனத்தின் பங்கு சிறியது, ஆனால் இல்லாதது அல்ல. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜனவரி நான்காம் வாரத்தில், வீட்டில் கிடக்கும் நாள்களே அதிகம் என்று தெரிய ஆரம்பித்ததும், இரண்டு வாரம் வேகமாகப் பார்த்துத் திருப்புவது என்று முடிவு செய்தார்கள். வந்த அன்றோ மறுநாளோ பார்த்து, காலையிலேயே பெட்டியில் போட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் மட்டும் ஏழு வட்டுகள் வந்தன. முதல் நான்கு முறை, வட்டு சேர்ந்தது என்ற மின்னஞ்சலும் அடுத்தது கிளம்பியது என்ற மின்னஞ்சலும் ஒரே நாளில் வந்தன. பிறகு இடைவெளி ஒரு வேலை நாளாகவும் இரண்டாகவும் நீண்டது. இரண்டு வட்டுகள் அருகில் உள்ள கிடங்கில் இருந்து வராமல் வேறொரு மாநிலத்தில் இருந்து வந்தன; வந்து சேர மூன்று நான்கு நாள் ஆனது. பட்டியலின் உச்சியில் அப்போது இருந்தவை பழைய படங்கள். கையிருப்பு இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை.

ஏழு வட்டுகளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இப்படி ஒரு நடைமுறை அந்தத் தொழிலில் இருந்தது என்பது ஊகமல்ல. 2004இல் நெட்ஃபிளிக்ஸ் மீது சான்பிரான்சிஸ்கோவில் சந்தாதாரர்கள் சார்பாகக் குழு வழக்கு ஒன்று தொடரப்பட்டது. 'வரம்பில்லா' வாடகை என்று சொல்லிவிட்டு அதிகம் எடுப்பவர்களுக்கு அனுப்புவதைத் தாமதப்படுத்துகிறது என்பதே குற்றச்சாட்டு. 2005 தொடக்கத்தில் அந்நிறுவனம் தன் விதிமுறைகளில், குறைவாக எடுப்பவர்களுக்கே முன்னுரிமை தரப்படும் என்று வெளிப்படையாக எழுதிக்கொண்டது. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. கணக்கு புரிந்துகொள்ளக் கூடியதே. சந்தாத் தொகை நிலையானது. ஒவ்வொரு வட்டுக்கும் போக ஒரு அஞ்சல் கட்டணம், வர ஒன்று. மாதம் இருபது வட்டு எடுப்பவரால் நிறுவனத்துக்கு நட்டம். நான்கு எடுப்பவர் கொடுக்கும் பணத்தில்தான் அது ஈடாகிறது. கணவரின் சந்தேகம் முழுக்கப் பொய்யல்ல என்று இந்தக் குறிப்புகள் காட்டின; ஆனால் மற்ற ஆறு வாரங்களில் வீட்டில் மட்டும் வட்டு சராசரியாக ஆறு நாளை நெருங்கிக் கிடந்தபோது அந்தச் சந்தேகத்துக்கு வேலையே இருக்கவில்லை.

## வட்டுகளின் நிலை

19 வட்டுகளில் மூன்று நடுவழியில் நின்றன. ஒன்று விரிசலுடன் வந்தது.

நின்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில், படம் பாதியைத் தாண்டும்போது உறைந்தன. இதில் மர்மம் இல்லை. டிவிடி என்பது 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வட்டு, தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. முழு நீளப் படங்கள் பெரும்பாலும் இரண்டு அடுக்குகளில் பதிவாகின்றன. ஒளிக்கற்றை முதல் அடுக்கை உள்ளிருந்து வெளிவிளிம்பு நோக்கிப் படிக்கும். அங்கிருந்து இரண்டாம் அடுக்குக்கு மாறி உள்நோக்கித் திரும்பும். ஆகவே படத்தின் நடுப்பகுதி வட்டின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. கைவிரல் பட்டு, மேசையில் உரசி, உறையில் தேய்ந்து அதிகம் கெடுவதும் அந்தப் பக்கம்தான். நூறு வீடுகளுக்குப் போய்வந்த வட்டு வேறெங்கே நிற்கும்?

இரண்டு வட்டுகள் கழுவியதில் சரியாகின. முதலில் மகள், தட்டைத் துடைப்பதுபோல் வட்டமாகத் துடைத்தாள், அது தவறு. தரவு சுழல் தடமாக ஓடுவதால், தடத்தின் திசையிலேயே விழும் கீறல் தொடர்ச்சியான தரவை அழித்துவிடும். தடத்தைக் குறுக்கே வெட்டும் சிறு கீறலைப் பிளேயர் தன் பிழைதிருத்தக் கணக்கால் சமாளித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரும் ஒரு துளி சோப்பும் விட்டு, மென்மையான துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைத்ததில் இரண்டு வட்டுகளும் ஓடின. மூன்றாவதில் கீறல் ஆழமாக இருந்தது; திருப்பி அனுப்பப்பட்டது.

விரிசல் விட்ட வட்டு பிப்ரவரி 17, சனிக்கிழமை இரவு உறையைப் பிரித்தபோது தெரிந்தது. நடுத்துளையில் இருந்து இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு. பெரியவர் அதைப் போட வேண்டாம் என்று தடுத்தார். வேகமாகச் சுழலும் பிளேயருக்குள் அது உடைந்து சிதறியிருக்கலாம். அன்றிரவே இணையதளத்தில் பழுது என்று பதிவு செய்தார்கள். ஆனால் ஞாயிறு கிடங்கு இயங்காது. திங்கள், பிப்ரவரி 19, குடியரசுத் தலைவர்கள் நாள் விடுமுறை. மாற்று வட்டு செவ்வாயன்று கிளம்பிப் புதன்கிழமை வந்தது. வியாழனன்று வந்த வட்டு அது. வந்த அன்றே உறையைப் பிரித்துப் பார்த்திருந்தால், வெள்ளிக்கிழமையே மாற்று கிளம்பியிருக்கும்.

வட்டுகள் ஏன் உடைகின்றன என்று பெரியவர் கேட்டதற்கு அப்போது வீட்டில் யாருக்கும் விடை தெரியவில்லை. அமெரிக்க அஞ்சல் நிலையங்களில் கடிதங்களைப் பிரிப்பது இயந்திரங்கள். உறை உருளைகளுக்கும் பட்டைகளுக்கும் இடையில் வளைந்து வளைந்து விரையும். காகிதம் வளையும், பிளாஸ்டிக் வட்டு அவ்வளவு வளையாது. அதே ஆண்டு நவம்பரில் அஞ்சல் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, ஒரு பெரிய வாடகை நிறுவனத்தின் திரும்பும் உறைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு இயந்திரத்துக்கு ஒவ்வாமல் கையால் பிரிக்கப்படுகின்றன என்றும், அதற்கு ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் கூடுதல் கூலி ஆகிறது என்றும் சொன்னது. 2009இல் கேம்ஃபிளை என்ற வீடியோ விளையாட்டு வட்டு வாடகை நிறுவனம் அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிட்டது: நெட்ஃபிளிக்ஸ் வட்டுகளைக் கையால் பிரித்துக் காப்பாற்றுகிறீர்கள், எங்களுடையவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை, அவை உடைகின்றன என்பது அதன் வாதம். 2011இல் ஆணையம் அந்தப் பாகுபாடு நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. கைவேலையின் அருமையை ஒரு முன்னாள் ஆர்.எம்.எஸ். ஊழியருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

## எடுத்த முடிவும் அதன் காரணமும்

பிப்ரவரி கடைசி ஞாயிறன்று குறிப்பேட்டைக் கணக்குக்குக் கொண்டு வர உட்கார்ந்தார்கள். திங்களன்று வர வேண்டிய ஒரு வரி மட்டுமே மிச்சம் இருந்தது. சந்தாவை நிறுத்துவது, நான்கு வட்டுகளாக உயர்த்துவது, இரண்டாகக் குறைப்பது என்று மூன்று யோசனைகள் இருந்தன. கணவர் உயர்த்தவே விரும்பினார். எப்போதும் ஒன்றாவது கையில் இருக்கும் என்பது அவர் நியாயம். மனைவி மறுத்தார். மூன்று வட்டுகள் இருந்தபோது ஒன்றுதான் பார்க்கப்பட்டது, ஒன்று 'இந்த வாரம் பார்ப்போம்' என்று கிடந்தது, இன்னொன்று யாருமே பார்க்க விரும்பாததை வெளியில் சொல்லத் தயங்கியதால் கிடந்தது. நான்காவதும் இந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் போய் உட்காரும் என்றார். வரிகளைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. நான்கு வரிகளில் 'பார்த்து முடித்த நாள்' என்ற கட்டமே வெறுமையாக இருந்தது. பார்க்காமலே திருப்பி அனுப்பப்பட்டவை அவை.

இரண்டு வட்டுச் சந்தாவுக்கு, மாதம் ஏறக்குறைய 15 டாலருக்கு, மாறினார்கள். அதோடு சில நடைமுறைகளையும் வைத்துக்கொண்டார்கள். உறை வந்த அன்றே பிரித்து, வட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. மூன்றாம் இரவும் பார்க்காத வட்டை மறுநாள் காலை திருப்பி அனுப்புவது. உறையை மாலையில் கீழ்ப்பெட்டியில் போடாமல், காலையில் வேலைக்குப் போகும் வழியில் போடுவது. ஒட்டுவதற்கு முன் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே வட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. இது மகளின் பொறுப்பு. தொடர்களைப் பொறுத்தவரை, அடுத்த இரண்டு வட்டுகளும் கையிருப்பில் இருப்பதாகக் காட்டினால் மட்டுமே அவற்றைப் பட்டியலின் மேலே ஏற்றுவது.

புதுப் படங்களுக்கு மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். அமெரிக்காவில் டிவிடிகள் செவ்வாய்க்கிழமைகளில் வெளியாகும். வெளியாகும் வாரத்தில், எல்லோரும் கேட்பதற்குமுன் கிடங்கில் புதுப் படிகள் அடுக்கியிருக்கும் அந்த ஒரு நாளில், நமக்கு ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். ஆகவே அந்த வாரம் வட்டு திங்களன்று கிடங்கில் சேரும்படி வெள்ளி காலையே போட்டுவிடுவது, ஞாயிறு இரவு அந்தப் படத்தைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏற்றி வைப்பது. ஒரு நாள் தவறினாலும் 'நீண்ட காத்திருப்பு' மீண்டும் வந்துவிடும்.

## பின்விளைவு

மார்ச் 5 முதல் ஏப்ரல் 29 வரை இன்னொரு எட்டு வாரம் குறிப்பு எழுதப்பட்டது. பெரியவர் ஏப்ரல் மூன்றாம் வாரம் ஊர் திரும்பிவிட்டதால் கடைசி வரிகள் பேத்தியின் கையெழுத்தில் உள்ளன.

இந்த முறை 16 வட்டுகள். ஒரு வட்டுக்கு ஏழு நாள் சுற்று. வீட்டில் கிடந்த நாள் நான்கில் இருந்து இரண்டுக்குச் சற்று மேல் என்று குறைந்தது. திரும்பும் வழியில் எதிர்பார்த்த ஒரு நாள் முழுதாகக் குறையவில்லை. அரை நாள்கூட இல்லை. கிடங்கில் கழிந்த நேரம் சற்றுக் கூடியது. காரணம் சொல்லத் தெரியவில்லை, முன்பு சொன்ன முன்னுரிமை விதியாக இருக்கலாம் என்று கணவர் நம்புகிறார். புதுப் படங்களுக்கான செவ்வாய்க் கணக்கு நான்கு முறை முயன்றதில் மூன்று முறை பலித்தது.

பணக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதச் சந்தாவை வட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் முதல் காலத்திலும் இரண்டாம் காலத்திலும் ஒரு வட்டுக்கு ஏறக்குறைய 1.90 டாலரே வருகிறது. மாதம் மூன்று டாலர் மிச்சம். மூன்று வட்டு குறைவு. ஆனால் முதல் காலத்தில் வந்தவற்றில் நான்கு பார்க்கப்படாமலே திரும்பின. இரண்டாம் காலத்தில் அப்படித் திரும்பியது ஒன்றே. பார்த்த படங்களின் எண்ணிக்கை இரு காலத்திலும் ஒன்றுதான்: பதினைந்து. வீட்டில் அஞ்சலைப் பற்றிய வாக்குவாதம் நின்றுபோனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேத்தி அதை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

கீறல் விழுந்த வட்டு இந்தக் காலத்தில் ஒன்று வந்தது. அன்றே பார்த்துவிட்டதால் மூன்றாம் நாள் மாற்று கிடைத்தது. விரிசல் எதுவும் இல்லை. ஏப்ரல் மாதத்தோடு குறிப்பு நின்றது. சந்தா மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

குறிப்பெழுதுவதை முதல் மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களின் எரிச்சல் முழுவதும் தேதியற்றது. அதிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை.

ஜனவரியில் இரண்டு வாரம் வேகமாகத் திருப்பிப் பார்த்த சோதனையை, மற்றப் பழக்கங்களை மாற்றாமல் தனியாகச் செய்திருந்தால் கிடங்கின் தாமதம் குறித்து இன்னும் உறுதியாகப் பேசியிருக்கலாம். அதே வாரத்தில்தான் உறையைக் காலையில் போடவும் தொடங்கினார்கள். இரண்டு மாற்றங்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பிறகு சந்தாவைக் குறைத்ததும் நடைமுறைகளை மாற்றியதும் ஒரே நாளில் நடந்ததால், எது எவ்வளவு பயன் தந்தது என்பதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்று வட்டுச் சந்தாவில் சேர்ந்ததே அவசரம். ஒரு வட்டில் தொடங்கி, அது வீட்டில் எத்தனை நாள் தங்குகிறது என்று ஒரு மாதம் பார்த்தபின் உயர்த்தியிருந்தால் முதல் மூன்று மாதச் செலவும் மனக்கசப்பும் பாதியாகியிருக்கும் என்று மனைவி இப்போது சொல்கிறார்.

பெரியவரின் குறை வேறு. ஊருக்குக் கிளம்பும் முன் அவர் என்னிடம் சொன்னது: ஒவ்வொரு உறையின் மூலையிலும் அது கிளம்பிய கிடங்கின் முகவரி அச்சிட்டிருந்தது, அதைக் குறித்துக்கொள்ள இன்னும் ஒரு பத்தி போட்டிருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருந்து வந்த வட்டுகள் இரண்டு என்று எழுதியிருக்கிறோம். அந்த இரண்டும் கவனத்தில் பட்டதால் எழுதியவை, படாமல் போனவை எத்தனையோ. பிரிக்கிற வேலையில் இருந்தவன் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஊர்ப் பை என்பதைத்தான், அதைப் போய் விட்டுவிட்டேன் என்றார்.